சேலத்துல பசங்க கிட்ட பைக், புகையிலை, போதை பத்தி பேசணுமா? முதல்ல அவங்க செட்டைத் தெரிஞ்சுக்கோங்க

ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் வந்துச்சுன்னா நம்ம ஊர் ஸ்கூல்கள்ல பெரும்பாலும் ஒரே மாதிரி தான் நடக்கும், ஒரு ஊர்வலம், ஒரு உறுதிமொழி, ஒரு இன்ஸ்பெக்டர் ஸ்பீச், கடைசியா குரூப் போட்டோ. அதுக்காக உழைக்கிற டீச்சர்ஸ் நிறைய பேர் மனசார தான் பண்றாங்க. ஆனா பதாகை பிடிச்சுட்டுப் போன அந்த பத்தாவது பையன் சாயங்காலம் டியூஷனுக்கு முன்னாடி யார் கூட நிக்கிறான், அந்த நாலஞ்சு பேர்ல யார் சொன்னா மத்தவங்க கேப்பாங்க, அந்த செட்டுல எது கெத்து எது அசிங்கம், இது எதுவும் நமக்குத் தெரியாது. தெரியாம பேசுறது எவ்ளோ நல்ல பேச்சா இருந்தாலும் மைக் ஆஃப் பண்ணதும் முடிஞ்சுடும்.

இதை நான் எழுதுறது ஹெச்எம், பிஇடி சார், பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கிற அப்பா அம்மா, கிராம சுகாதார செவிலியர், ஏரியாவுல நற்பணி மன்றம் நடத்துற அண்ணன்கள், இப்படி 13ல இருந்து 18 வயசு பிள்ளைங்க கூட ஏதாவது உருப்படியா பண்ணணும்னு நினைக்கிறவங்களுக்காக. பெரிய பட்ஜெட் வேண்டாம், ஒரு வருஷம் பொறுமை வேணும். நான் சொல்லப் போறது ஒண்ணே ஒண்ணு தான்: செட்டை உடைக்கப் பாக்காதீங்க, செட்டுக்குள்ள இருந்து பேச வைங்க.

ஏன் செட்டு, ஏன் தனித்தனி பையன் இல்ல

2005ல அமெரிக்காவுல கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கம்ப்யூட்டர் கார் கேம் வச்சு பாத்தாங்க. சிக்னல் மஞ்சளுக்கு மாறுது, நிறுத்துறியா இன்னும் கொஞ்சம் போறியா, அவ்ளோ தான் கேம். தனியா விளையாடும்போது 13ல இருந்து 16 வயசு பசங்களும் பெரியவங்களும் எடுத்த ரிஸ்க்ல பெரிய வித்தியாசம் இல்ல. கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் நின்னு பாக்க ஆரம்பிச்சதும் அந்த பசங்க எடுத்த ரிஸ்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, பெரியவங்க கிட்ட மட்டும் மாற்றமே இல்ல. அப்புறம் 2011ல ஸ்கேன் எடுத்துப் பாத்தப்போ, ஃப்ரெண்ட்ஸ் பக்கத்து ரூம்ல உக்காந்து பாக்குறாங்கன்னு தெரிஞ்சாலே டீனேஜ் பசங்க மூளையில சந்தோஷம், பரிசு இதுக்கெல்லாம் வேலை செய்ற பகுதி கூடுதலா வேலை செஞ்சது.

அதாவது பையனுக்கு ஆபத்து தெரியாம இல்ல. வீட்டுல தனியா உக்கார வச்சு கேட்டா மூணு பேர் ஒரு வண்டியில போனா என்ன ஆகும்னு உங்களை விட தெளிவா சொல்வான். தெரிஞ்ச விஷயத்தையே திரும்பத் திரும்ப சொல்றதுல தான் நம்ம விழிப்புணர்வு நேரம் முக்கால்வாசி போகுது.

இதை கண்ணால பாக்கணும்னா ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஏற்காடு அடிவாரத்துல டீக்கடை ஓரமா நில்லுங்க. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி நாலஞ்சு வண்டி சேர்ந்து வரும், எல்லார்கிட்டயும் ஹெல்மெட் இருக்கும், ஆனா முழங்கையில மாட்டியிருக்கும். இறங்கி டீ குடிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, கிளம்பும்போது முதல் வண்டிக்காரன் என்ன பண்றான்னு மட்டும் கவனிங்க. அவன் ஹெல்மெட்டை தலையில போட்டு தாடைக்குக் கீழ அந்த பக்கிளை டக்குன்னு பூட்டினா பின்னாடி இருக்கிறவங்க கையும் தானா தாடைக்குப் போகும், அவன் முழங்கையிலயே வச்சுட்டு கிக் அடிச்சா அத்தனை பேரும் முழங்கையில தான் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவாங்க. யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க. ஹெல்மெட் போட்டா விபத்துல சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறையுதுன்னு பல நாட்டு ஆய்வுகளை சேர்த்துப் பாத்து சொல்லியிருக்காங்க, அந்த நம்பரை பத்து பேருக்கும் தனித்தனியா சொல்றதை விட அந்த முதல் வண்டிக்காரன் ஒருத்தன் நம்ம பக்கம் இருந்தா போதும்.

முதல் வேலை: பாத்து எழுதுங்க, பேசாதீங்க

ஆரம்பிக்கிற முதல் மாசம் எந்த மீட்டிங்கும் போடாதீங்க. ஒரு நோட்டு எடுத்துக்கோங்க, உங்க ஸ்கூலையோ ஏரியாவையோ சுத்தி எத்தனை செட்டு இருக்கு, எங்க கூடுறாங்க, எத்தனை மணிக்கு, எது அவங்களுக்கு பெருமை, எந்த இடத்துல சறுக்குறாங்கன்னு எழுதுங்க. பேர் எழுத வேண்டாம், அந்த நோட்டு யார் கையிலயாவது மாட்டினா பிள்ளைங்க பாடு திண்டாட்டம்.

சேலத்துல பொதுவா என்னென்ன செட்டு கண்ணுல படும்னு சொல்றேன், உங்க ஏரியாவுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க. பைக் செட்டு இருக்கு, அவங்களுக்கு வண்டி, ரீல்ஸ், ஏற்காடு, குப்பனூர் ரோடு இது தான் உலகம். கிரவுண்ட் செட்டு, கிரிக்கெட் கபடி வாலிபால்னு விளையாடுறவங்க, உடம்பை நல்லா பாத்துப்பாங்க, ஆனா டோர்னமென்ட் ஜெயிச்ச அன்னைக்கு ட்ரீட்ல தான் முதல் பீர் உள்ள வரும், அதுவும் சீனியர் அண்ணன் கையால. திருவிழா செட்டுன்னு ஒண்ணு உண்டு, ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை வண்டி வேடிக்கைன்னு வந்தா ராத்திரி பகலா வேலை பாக்குற பசங்க, ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுல இருந்து பந்தல் வரைக்கும் அவங்க தான், அந்த ராத்திரி முழிப்புல தான் புகையிலைப் பொட்டலமும் சரக்கும் கை மாறும். ஹாஸ்டல் செட்டு தனி. ஸ்கூலை விட்டுட்டு கொலுசுப் பட்டறைக்கோ தறிக்கோ போற பசங்க இன்னொரு பக்கம், செவ்வாப்பேட்டை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் இவங்களை நிறைய பாக்கலாம், இவங்க செட்டுல கூட இருக்கிறவங்களே 30 வயசு ஆளுங்க தான், ஸ்கூல்ல நடக்குற எந்த நிகழ்ச்சியும் இவங்களைத் தொடாது.

ஏற்காடு மேல கதையே வேற. அங்க ஊர் சின்னது, செட்டும் சின்னது, எஸ்டேட் லைன்ல பொறந்து வளர்ந்த பசங்க, மலைக் கிராமத்துல இருந்து வந்து விடுதியில தங்கி படிக்கிறவங்க, வெளியூர்ல இருந்து வந்து கான்வென்ட் ஹாஸ்டல்ல இருக்கிறவங்க, இவங்க ஒருத்தரோட ஒருத்தர் அதிகம் கலக்க மாட்டாங்க. சனி ஞாயிறு கீழ இருந்து வர்ற டூரிஸ்ட் கூட்டம் குடிச்சுட்டு ஆடுறதை லேக் பக்கமும் வியூ பாயிண்ட்லயும் சின்ன வயசுல இருந்து பாத்து வளர்றாங்க, ஜாலின்னா அது தான்னு மனசுல பதிஞ்சுடுது. அங்க போய் கீழ பேசுன அதே பேச்சைப் பேசினா ஒட்டாது.

இப்படி செட்டு செட்டா பிரிச்சு பேசுறது வெளிநாட்டுல நடந்துட்டு தான் இருக்கு. அமெரிக்காவுல உணவு மருந்து நிர்வாகம் 2015ல ஹிப்-ஹாப் பிடிச்ச பசங்களுக்காகவே ஃப்ரெஷ் எம்பயர்னு ஒரு புகையிலை எதிர்ப்பு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, அந்த பசங்க போடுற டிரெஸ், கேக்குற பாட்டு, ஆடுற ஆட்டம் எல்லாம் அதுல இருந்துச்சு. சிகரெட்டை விடுறதுக்காக உன் கூட்டத்தை விட வேண்டாம், இந்த கூட்டத்துல இருந்துட்டே சிகரெட் இல்லாம இருக்கலாம்ங்கிறது தான் அதுக்குப் பின்னாடி இருந்த யோசனை. நம்ம திருவிழா செட்டுக்கு ஹிப்-ஹாப் தேவையில்ல, தவிலும் பம்பையும் இருக்கு, ஆனா யோசனை அதே தான்.

யார் பேசணும்ங்கிறதை நீங்க முடிவு பண்ணாதீங்க

இந்த இடத்துல தான் பெரும்பாலான முயற்சி கவுந்து போகுது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

இங்கிலாந்து, வேல்ஸ்ல 59 ஸ்கூல்ல, 12-13 வயசு பிள்ளைங்க 10,000க்கு மேல சேர்த்து ஒரு ஆய்வு நடந்துச்சு, 2008ல லான்செட் பத்திரிகையில வந்தது, அசிஸ்ட்னு பேர். அவங்க டீச்சர்ஸை ஆள் பொறுக்கச் சொல்லல. பிள்ளைங்க கிட்டயே பேப்பர் கொடுத்து, நீ யாரை மதிக்கிற, யாரை முன்மாதிரியா பாக்குற, கேம்ஸ்லயோ வேற எதுலயோ யார் நல்லா முன்ன நின்னு நடத்துவாங்கன்னு கேட்டாங்க. அதிக ஓட்டு வாங்கின பிள்ளைங்களை ஸ்கூலுக்கு வெளிய ரெண்டு நாள் கூட்டிட்டுப் போய் பயிற்சி கொடுத்தாங்க, அப்புறம் பத்து வாரம் அவங்க பாட்டுக்கு ஃப்ரெண்ட்ஸ் கூட சும்மா பேசும்போது சிகரெட் பத்தி பேசணும், அவ்ளோ தான், மேடை இல்ல மைக் இல்ல. ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்ததுல அந்த ஸ்கூல்கள்ல பிள்ளைங்க சிகரெட் பிடிக்கிற வாய்ப்பு மத்த ஸ்கூல்களை விட சுமார் 22 சதவீதம் குறைவா இருந்துச்சு.

நம்ம நாட்டுலயும் 2014ல ஆரம்பிச்ச தேசிய வளரிளம் பருவ சுகாதாரத் திட்டத்துல சக வயசு பிள்ளைங்களே சொல்லிக் கொடுக்கணும்ங்கிறது இருக்கு, நல்ல திட்டம். ஆனா ஆள் எடுக்குற அன்னைக்கு நாம யாரை எடுக்குறோம்? கிளாஸ் ஃபர்ஸ்ட் வர்ற பொண்ணு, யூனிஃபார்ம் கலையாத கிளாஸ் லீடர். அவங்க நல்ல பிள்ளைங்க தான், ஆனா பைக் செட்டு அவங்க சொல்றதை எந்த ஜென்மத்துலயும் கேக்காது. கடைசி பெஞ்ச்ல உக்காந்து கபடி டீமை நடத்துறானே, ஆனுவல் டே டான்ஸுக்கு எல்லாரையும் சேர்க்குறாளே, அந்த பிள்ளைங்க தான் வேணும். ஹெச்எம் முகம் சுளிப்பாங்க, அந்த பையனா, அவனே ஒரு மாதிரியாச்சேன்னு சொல்வாங்க. உக்காந்து பொறுமையா பேசி சம்மதிக்க வைங்க.

எப்படி பண்றதுன்னா, சின்ன சின்ன சீட்டு கொடுத்து மூணு கேள்வி எழுதச் சொல்லுங்க. உனக்கு ஒரு பிரச்சனைன்னா உன் வயசுல யார்கிட்ட போவ? டூர் போனா யார் வந்தா தான் களை கட்டும்? யார் சொன்னா உன் ஃப்ரெண்ட்ஸ் சரின்னு கேப்பாங்க? எழுதுனவன் பேர் வேண்டாம். சீட்டை வகுப்பாசிரியர் எண்ணக் கூடாது, வெளியாள் எண்ணணும், எண்ணிட்டு அன்னைக்கே கிழிச்சுப் போடணும். ஒவ்வொரு செட்டுல இருந்தும் ஒருத்தராவது வர்ற மாதிரி பாத்துக்கோங்க, இல்லன்னா எல்லாம் கிரவுண்ட் செட்டாவே வந்து நிக்கும். அந்த பையனோ பொண்ணோ தம் அடிக்கிற ஆளா இருந்தா? நேரா கேளுங்க, நிறுத்த முயற்சி பண்றியா, அதை உன் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட மறைக்காம சொல்வியான்னு. சரின்னா எடுத்துக்கோங்க, முயற்சி பண்றவன் பேச்சுக்கு இருக்கிற மரியாதை தொடவே தொடாதவன் பேச்சுக்கு இருக்காது.

இதுல ஒரு எல்லைக்கோடு. ஸ்கூல்ல மோசமான பசங்கன்னு பேர் வாங்குனவங்களை மட்டும் ஒரே ரூம்ல உக்கார வச்சு வாராவாரம் கவுன்சலிங் பண்ணாதீங்க. டிஷன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் 1999ல எழுதுனது இது தான், அப்படி சேர்த்து உக்கார வச்ச பசங்க ஒருத்தருக்கொருத்தர் சாகசக் கதை சொல்லி, சிரிச்சு, கை தட்டி இன்னும் மோசமாயிட்டாங்க. எல்லா விதமான பிள்ளைங்களும் கலந்து இருக்கணும்.

இன்னொண்ணு, இதை பெரிய எழுத்துல எழுதி ஸ்டாஃப் ரூம்ல ஒட்டினாலும் தப்பில்ல: இந்த பிள்ளைங்க நமக்கு உளவு சொல்ற ஆளுங்க இல்ல. யார் யார் பொட்டலம் போடுறான்னு சொல்லுடான்னு ஒரு தடவை கேட்டீங்கன்னா அவன் சாயங்காலத்துக்குள்ள செட்டுல போட்டுக் கொடுக்கிறவன் ஆயிடுவான், உங்க மொத்த வேலையும் அன்னைக்கே முடிஞ்சுது, அந்த பையன் அடியும் வாங்குவான். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உடனே பெரியவங்க கிட்ட வரணும், மத்தபடி பேர் சொல்ல வேண்டியதில்லன்னு முதல் நாளே அவங்க கிட்ட வாய் விட்டு சொல்லிடுங்க, அப்பா அம்மா சம்மதத்தையும் எழுத்துல வாங்கிக்கோங்க.

ரெண்டு நாள்ல என்ன சொல்லிக் கொடுக்கிறது

ஸ்கூல் வேண்டாம், ஒரு மண்டபமோ அண்ணா பூங்கா பக்கம் ஒரு ஹாலோ பாருங்க, மதியம் நல்ல சாப்பாடு போடுங்க, சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்க. பிள்ளைங்க தங்களை மதிச்சு கூப்பிட்டிருக்காங்கன்னு உணரணும்.

முதல் நாள் விஷயம், ரெண்டாவது நாள் முழுக்க வாய்ப் பயிற்சி. விஷயம்னா நுரையீரல் படம் காட்டி பயமுறுத்துறது இல்ல. 15 வயசுக்காரனுக்கு 50 வயசுல வர்ற கேன்சர் ரொம்ப தூரம். கைக்கு எட்டுற மாதிரி சொல்லுங்க. உதட்டுக்கு அடியில வைக்கிற கூல் லிப், குட்கா, பாக்கு இதெல்லாம் பத்தி பேசும்போது ஒவ்வொருத்தரையும் அவங்க மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா நிமித்தி வாய்க்குள்ள விடச் சொல்லுங்க, சாதாரணமா எல்லாருக்கும் மூணு விரல் போகும். பாக்கும் குட்காவும் போட்டுட்டே இருந்தா வாய் உள்சதை இறுகி இறுகி ரெண்டு விரல், ஒரு விரல்னு சுருங்கிடும், காரம் பட்டா எரியும், அப்புறம் பரோட்டாவைப் பிச்சு வாயில வைக்கவே கஷ்டம். இதை பசங்க அன்னைக்கு சாயங்காலமே செட்டுல போய் விளையாட்டா செஞ்சு பாப்பாங்க, போகாதவன் முகம் மாறும், அங்க தான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். விரல் போகலன்னா, வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு இருந்தா, அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குப் போகணும்னு அந்த பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பைக் செட்டுக்கு சாவைப் பத்தி சொல்றதை விட சட்டத்தைச் சொல்லுங்க, அது தான் உறைக்கும். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 18 வயசு ஆகாதவன் வண்டி ஓட்டி மாட்டினா அப்பாவுக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் ஃபைன், வண்டி ஆர்சி 12 மாசத்துக்கு ரத்து, எல்லாத்துக்கும் மேல அந்த பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. வண்டியே உயிர்னு இருக்கிறவனுக்கு அந்த 25 வயசு வரைக்கும்ங்கிற வார்த்தை போதும்.

லீவு நாள்ல கிணத்துக்கும் ஏரிக்கும் மேட்டூர் பக்கமும் குளிக்கப் போற செட்டுக்கு ஒரே ஒரு விஷயம்: ஒருத்தன் முங்கினா அவனைக் காப்பாத்த நீச்சல் அரைகுறையா தெரிஞ்சவன் குதிக்கக் கூடாது, ரெண்டு உயிரும் போகும். கயிறு, வேட்டி, காலி கேன், நீளக் கம்பு எது கிடைக்குதோ அதை கரையில படுத்துட்டு நீட்டு, கத்தி ஆள் கூப்பிடு, 108க்கு அடி. ஃப்ரெண்டுக்காக குதிக்கிறது தான் வீரம்னு நினைக்கிற வயசு இது, அந்த பாசத்தைக் குறை சொல்லாம வழியை மட்டும் மாத்தி விடுங்க.

ரெண்டாவது நாள், மறுக்குறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கிறேன்னு நோ சொல்லுங்க நோ சொல்லுங்கன்னு கத்த வைக்காதீங்க. நம்ம பசங்க செட்டுல நோன்னு சொல்லிட்டு யாரும் நிக்க முடியாது. விஷயத்தை மறுக்கணும், ஆளை மறுக்கக் கூடாது. ரெண்டு பேரை நிக்க வச்சு நடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, இந்த மாதிரி:

"மச்சி, அண்ணன் வண்டி இருக்கு, மேல போலாம், மூணு பேர் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"மூணு பேருன்னா நான் பஸ்ல வர்றேன்டா, நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க, லேக்ல பாப்போம்."

"என்னடா பயமா?"

"ஆமாடா பயம் தான். போட்டுக்கு டிக்கெட் நான் போடுறேன், லேட் பண்ணாம வந்து சேருங்க."

இதுல பையன் செட்டை விட்டுப் போகல பாருங்க, இடத்துக்கு வர்றான், காசும் போடுறான், வண்டியில மட்டும் ஏறல. பயமான்னு கேட்டதுக்கு சண்டைக்கும் போகல, ஆமான்னு சொன்னதும் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லாம போச்சு. இந்த வசனத்தை நீங்க எழுதிக் கொடுக்காதீங்க, பிள்ளைங்களையே எழுத விடுங்க, அவங்க பேச்சு மாசத்துக்கு மாசம் மாறுது, நாம எழுதினா பூமர் வாடை அடிக்கும்.

என்ன சொல்லக் கூடாது

எல்லாரும் கெட்டுப் போறாங்க, இப்ப இருக்கிற பசங்க எல்லாம் போதைன்னு மேடையில முழங்குறதை தயவு செஞ்சு நிறுத்துங்க. அமெரிக்காவுல 1998ல இருந்து 2004 வரைக்கும் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் செலவு பண்ணி பசங்களுக்கு போதை எதிர்ப்பு விளம்பரமா போட்டுத் தள்ளுனாங்க. அப்புறம் கணக்கு பாத்தா கஞ்சா குறைஞ்சதுக்கு அடையாளமே இல்ல, அதிகமா விளம்பரம் பாத்த பசங்க மனசுல எதிர்ப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி கூட தெரிஞ்சுது. இவ்ளோ விளம்பரம் போடுறாங்கன்னா எல்லாரும் அடிக்கிறாங்க போலன்னு பசங்க எடுத்துக்கிட்டிருக்கலாம்னு ஆய்வு பண்ணவங்களே சொன்னாங்க.

உண்மை நிலவரம் நமக்கு சாதகமா தான் இருக்கு, அதைச் சொல்லுங்க. 2019ல இந்தியா முழுக்க 13ல இருந்து 15 வயசு ஸ்கூல் பிள்ளைங்க கிட்ட எடுத்த சர்வேல அப்போ புகையிலை எந்த வடிவத்துலயாவது உபயோகிச்சுட்டு இருந்தவங்க 8.5 சதவீதம். அப்போ 100ல 91 பேர் தொடல. உங்க ஸ்கூல்லயே பேர் இல்லாத சீட்டு கொடுத்து ரெண்டு கேள்வி கேளுங்க, போன 30 நாள்ல நீ போட்டியா, உன் கிளாஸ்ல 10 பேர்ல எத்தனை பேர் போடுவாங்கன்னு நினைக்கிற. ரெண்டாவது நம்பர் முதல் நம்பரை விட பெருசா வர வாய்ப்பு அதிகம், ஏன்னா போடுறவன் கண்ணுல படுறான், போடாதவன் கண்ணுல படுறதில்ல. அப்படி வந்துச்சுன்னா அந்த வித்தியாசத்தை போர்டுல எழுதிக் காட்டுங்க. பெரும்பாலானவங்க போடுறாங்கன்னு வந்துச்சுன்னா போர்டுல எழுதாதீங்க, அது விளம்பரம் ஆயிடும், அப்போ வேலையை கடைப் பக்கம் இருந்து ஆரம்பிக்கணும்.

பொண்ணுங்க செட்டு

இவங்களை இந்த பேச்சுல எல்லாரும் மறந்துடுறாங்க, பையன் கெட்டுப் போறது தான் வெளிய தெரியுதுங்கிறதால. பொண்ணுங்க செட்டோட ஆபத்து சத்தம் போடாது. காலைல சாப்பிடாம வர்றது, பண்டிகைக்கு பீரியட்ஸ் தள்ளிப் போடணும்னு ஒருத்தி வாங்குன மாத்திரையை நாலு பேர் பிரிச்சுப் போடுறது, ஃபோன்ல போட்டோ அனுப்பச் சொல்லி ஒருத்தன் நச்சரிச்சா அம்மாகிட்ட சொல்லாம செட்டுக்குள்ளயே மறைச்சு வைக்கிறது.

உதாரணத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தைப் பாருங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவுல 15ல இருந்து 19 வயசு பொண்ணுங்கள்ல 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஸ்கூல்ல வாரம் ஒரு மாத்திரை இலவசமா கொடுக்குறாங்க. ஒரு கிளாஸ்ல ஒருத்தி வெறும் வயித்துல போட்டு குமட்டுச்சு, இன்னொருத்திக்கு மலம் கறுப்பா போச்சு, பயந்துட்டா, அவ்ளோ தான், அடுத்த வாரம் அந்த வரிசை முழுக்க மாத்திரை ஜன்னல் வழியா வெளிய பறக்கும். நர்ஸ் அக்கா வந்து பத்து நிமிஷம் பேசினாலும் அந்த வரிசை நம்பாது. அந்த செட்டுல மதிப்பு இருக்கிற பொண்ணு ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரிஞ்சா போதும், சாப்பிட்டப்புறம் போடணும், கறுப்பா போறது மருந்தோட நிறம் தான், பயப்பட வேண்டியதில்ல, மாத்திரை போட்ட உடனே டீ குடிக்கக் கூடாதுன்னு. அவ மதியம் சாப்பிட்டுட்டு எல்லார் முன்னாடியும் மாத்திரையைப் பிரிச்சு வாயில போட்டு தண்ணி குடிச்சா, ஏய் நீ போடுறியாடின்னு ஒருத்தி கேப்பா, அவ பதில் சொல்வா. நர்ஸ் அக்கா பேச வேண்டிய பேச்சு அங்க நடந்துடும்.

ஃபோன் போட்டோ மிரட்டல் விஷயத்துல மட்டும் செட்டுக்குள்ள வச்சுக்க விடாதீங்க. 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் உதவி எண் ரெண்டும் ஒவ்வொரு பொண்ணுக்கும் மனப்பாடமா தெரியணும், சொன்னா திட்ட மாட்டோம்னு வீட்டுல இருக்கிறவங்க முன்கூட்டியே வாயால சொல்லியிருக்கணும்.

ஸ்கூலுக்கு வராத பசங்களும் கடையும்

பட்டறை, தறி பசங்களுக்கு பேச்சு அந்தந்த ஏரியா திருவிழாக் கமிட்டி அண்ணன்கள் மூலமா தான் போகும். பண்டிகைக்கு ஒரு மாசம் முன்னாடி கமிட்டிகிட்ட போய் ஒரே ஒரு விஷயம் கேளுங்க, 18 வயசுக்கு கீழ இருக்கிற பசங்க கையில யாரும் சரக்கோ பொட்டலமோ கொடுக்கக் கூடாதுன்னு கமிட்டி தலைவர் எல்லார் முன்னாடியும் சொல்லணும். சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவுப்படி அப்படி கொடுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் ஃபைன், நிறைய அண்ணன்களுக்கு இது தெரியவே தெரியாது, சும்மா ஒரு பாசத்துல ஊத்திக் கொடுத்துடுறாங்க. 14 வயசு ஆகாத பிள்ளை வேலையில இருந்தா அது விழிப்புணர்வு விஷயமே இல்ல, நேரா 1098.

ஸ்கூல்ல இருந்து 100 கஜத்துக்குள்ள புகையிலைப் பொருள் விக்கக் கூடாதுங்கிறது 2003 சட்டம், அது கிட்டத்தட்ட 91 மீட்டர். கேட்ல இருந்து டேப் பிடிச்சு அளந்து பாருங்க, எந்தெந்த கடை உள்ள வருதுன்னு தெரிஞ்சுடும். போலீஸ்கிட்ட போறதுக்கு முன்னாடி பெற்றோர் நாலு பேரா சேர்ந்து கடைக்காரர்கிட்ட ஒரு தடவை மரியாதையா பேசிப் பாருங்க, அவருக்கும் பிள்ளைங்க இருக்கும். கேக்கலன்னா எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க. எத்தனை நல்ல பிள்ளைங்களைத் தயார் பண்ணாலும் கேட்டுக்கு எதிர்லயே பொட்டலம் தொங்கினா அந்த பிள்ளைங்க பேச்சு எடுபடாது, இதுல பெரியவங்க செய்ய வேண்டிய பாதியை அவங்க தலையில கட்டாதீங்க.

செட்டால சரி பண்ண முடியாத விஷயமும் உண்டு. பையன் தனியா மாத்திரை, ஊசின்னு போயிட்டான், பொண்ணு சாப்பிடுறதையே நிறுத்திட்டா, யாராவது செத்துடலாம் போல இருக்குன்னு சொன்னாங்கன்னா அதை ஃப்ரெண்ட்ஸ் தாங்க முடியாது, தாங்கவும் கூடாது. மனநல உதவிக்கு 14416, போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446, புகையிலையை விட 1800-11-2356, மூணும் இலவசம். கூட ஒரு பெரியவர் இருந்து ஃபோன் போட்டுக் கொடுங்க, நம்பரை மட்டும் கொடுத்து அனுப்பாதீங்க.

வேலை செஞ்சுதான்னு எப்படி பாக்கிறது

எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தாங்கன்னு எண்ணாதீங்க. ஜூலையில ஒரு வாரம் காலைல கேட்ல நின்னு பிள்ளைங்க வர்ற வண்டிகள்ல பின்னாடி உக்காந்திருக்கிறவங்க எத்தனை பேர் ஹெல்மெட் போட்டிருக்காங்கன்னு எண்ணுங்க, ஜனவரியில அதே கிழமைகள்ல திரும்ப எண்ணுங்க. அந்த ரெண்டு கேள்வி சீட்டையும் ஜனவரியில திரும்ப கொடுங்க. ஸ்கூல் பின்சுவர் ஓரமா கிடக்குற காலி பொட்டலங்களை என்எஸ்எஸ் பசங்க பெருக்கும்போது தனியா எண்ணி வைக்கச் சொல்லுங்க, அது பொய் சொல்லாது.

தேர்ந்தெடுத்த பிள்ளைங்களை மாசம் ஒரு தடவை பாருங்க, ரிப்போர்ட் கேக்காதீங்க, யார்கிட்ட பேச முடிஞ்சுது, எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு மட்டும் கேளுங்க, சில மாசம் ஒண்ணுமே நடந்திருக்காது, பரவாயில்ல. ஆடிக்கு முன்னாடி ஒரு தடவை, தீபாவளி லீவுக்கு முன்னாடி ஒரு தடவை, மார்ச் பரீட்சை முடியுற அன்னைக்கு ஒரு தடவை கட்டாயம் பாத்துடுங்க, கடைசி பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு மதியம் தான் சேலத்துல பாதி வண்டி ஏற்காட்டுக்குத் திரும்பும். பன்னெண்டாவது பிள்ளைங்க ஏப்ரல்ல போயிடுவாங்க, அதனால ஆரம்பத்துலயே ஒன்பதாவதுல இருந்தும் பதினொண்ணாவதுல இருந்தும் பாதிப் பாதி எடுத்துக்கோங்க, அடுத்த ஜூன்ல புது சீட்டு ஓட்டு நடக்கும்போது பழைய பிள்ளைங்க கூட உக்காந்து ரெண்டாவது நாள் வசனப் பயிற்சியை அவங்களே நடத்தட்டும்.